இளவயது மணம்: பழி யாருக்கு?

இளவயது மணத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மிடையேயுள்ள பெரிய மனிதர் சிலர் புன்னகை புரிகின்றனர். அது பாட்டன் பூட்டன் காலத்துச் சங்கதியாம். இலவசக் கல்வி வேரூன்றிய நாட்டில், பெண்கள் பல்கலைக்கழகங்களை நிரப்பும் நாட்டில், அதைப் பற்றி எழுதுவது செத்த பாம்பை அடிப்பதாம். பாம்பு சாகவில்லை என்பதற்கு அரசாங்கத்தின் ஏடே சான்று. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2016 ஆம் ஆண்டில் நடத்திய குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, 20 முதல் 24 வயது வரையான பெண்களில் ஏறத்தாழ 10 வீதத்தினர் 18 வயது நிறையுமுன்னரே மணவாழ்விற் புகுந்தவர்கள். அயல்நாடுகளோடு ஒப்பிட்டு, இது சிறிய தொகைதானே என்று திருப்தியடைவோரும் உளர். முப்பது மாணவியர் அமர்ந்திருக்கும் வகுப்பறையொன்றை மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கும் ஆசிரியருக்கு, சராசரிக் கணக்கின்படி, அது மூன்று பிள்ளைகள்.

இக்கணக்கைக் காட்டியதும் பெரிய மனிதர்கள் சுருதியை மாற்றிக்கொள்கின்றனர். "இந்தக் காலத்தில் ஆர் பிள்ளைகளைப் பிடித்துக் கட்டிக் குடுக்கினம்? அதுகளாய் ஓடுதுகள். நாங்கள் என்ன செய்யிறது? பிறகு இருந்து அழட்டும்" என்கின்றனர். முன்னர் புன்னகை, இப்போது பெருமூச்சு. இரண்டிலும் பொறுப்பு என்பது மருந்துக்கும் இல்லை.

இந்தப் பெருமூச்சையே நாம் இங்கு எதிர்க்க முற்படுகின்றோம். பதினாறு வயதிற் குடும்பத்தைச் சுமந்து, இருபத்தைந்து வயதில் "அன்றைக்கு நான் படித்திருக்கலாமே" என ஏங்கும் பெண்ணொருத்தியின் பச்சாத்தாபத்தை அவளது அவசரபுத்தியின் விளைவென்று கூறித் தள்ளிவிடுவது, கடன் வாங்கியவனைத் தப்பவிட்டுப் பிணை நின்றவளிடம் வட்டியும் முதலும் அறவிடுவதை ஒக்கும். அவள் ஒரு கதவைத் திறந்துகொண்டு வெளியேறினாள் என்பது உண்மையே. மற்றைய கதவுகளை அடைத்தவர் யாவர் என்பதே நமது கேள்வி.

முதலிற் சட்டத்தை நோக்குவோம். "இது நமது வழக்கம், வழக்கம் மெல்ல மெல்லத்தான் மாறும்" என்போர், அவ்வழக்கத்தின்மீது அரச முத்திரை குத்தப்பட்ட வரலாற்றை மறந்துவிடுகின்றனர். பிரித்தானியர் ஆட்சியில், 1907 ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் ஆணுக்கு 16 வயதையும் பெண்ணுக்கு 12 வயதையும் மணஞ்செய்வதற்குரிய ஆகக் குறைந்த வயதாக வகுத்தது. ஆயின் ஐரோப்பியரதும் பறங்கியரதும் புதல்வியருக்கு மாத்திரம் அந்த வயது 14. ஆளுவோரின் இரத்தம் உடலில் ஓடினால் குழந்தைப் பருவம் இரண்டாண்டு நீளும் என்பது ஏகாதிபத்தியத்தின் உடற்கூற்றியல் போலும்! 1945 இல் இலவசக் கல்வி வந்தது. 1948 இற் சுதந்திரம் வந்தது. கொடி மாறிற்று, ஆட்சிகள் மாறின, இரு அரசியலமைப்புகள் எழுதப்பட்டன. பன்னிரண்டு என்ற அந்த எண் மாத்திரம் அசையவில்லை. 1995 இலேதான் இருபாலாருக்கும் 18 வயது எனத் திருத்தம் செய்யப்பட்டது. வெள்ளையர் எழுதிய ஒரு வரியை அழிக்க 88 ஆண்டுகள் தேவைப்பட்டன. அவற்றுள் 47 ஆண்டுகள் நம்மவரின் ஆட்சிக்குரியவை.

முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கதை இதனினும் நீண்டது. 1951 இல் இயற்றப்பட்ட அச்சட்டம் ஆகக் குறைந்த வயதெதனையும் வகுக்கவில்லை. 12 வயதுக்குட்பட்ட சிறுமியின் விவாகத்தைப் பதிவதற்குக் காதியாரின் அனுமதி வேண்டும் என்பதோடு நின்றுகொண்டது. நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009 இல் அமைக்கப்பட்ட குழு தனது அறிக்கையைக் கையளித்தது 2018 இல். அந்த ஒன்பது ஆண்டுகளில் ஒன்பது வயதுச் சிறுமியொருத்தி பதினெட்டு வயதை எட்டியிருப்பாள். அடிப்படை உரிமைகளைப் பட்டியலிடும் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பே, தனது 16 ஆம் உறுப்புரையில், அவ்வுரிமைகளுக்கு முரணாக இருப்பினும் பழைய சட்டங்கள் செல்லுபடியாகும் என்று எழுதி வைத்தது. சீர்திருத்தத்துக்காக முன்னின்று குரல் கொடுத்தவர்கள் முஸ்லிம் பெண்களே என்பதையும், ஒரு சமூகத்தை இழித்துரைக்க இதனைக் கருவியாக்குவோர் 1995 வரை தத்தம் சமூகங்களின் புதல்வியருக்கும் அதே 12 வயதுதான் விதிக்கப்பட்டிருந்தது என்பதையும் நினைவிற் கொள்ளல் நலம்.

அதே 1995 இற் செய்யப்பட்ட இன்னொரு திருத்தம் இந்த அரசின் மனச்சாட்சியை நன்கு காட்டும். தண்டனைச் சட்டக்கோவை, 16 வயதுக்குட்பட்ட பெண்ணோடு அவள் சம்மதத்துடன் உறவு கொண்டாலும் அது பாலியல் வல்லுறவே என வரையறுத்தது. நன்று. ஆனால் அவள் 12 வயதைக் கடந்தவளாகவும், நீதிமன்றத்தாற் பிரித்துவைக்கப்படாத மனைவியாகவும் இருந்தால் அது குற்றமன்று என்றும் அருகிலேயே எழுதிற்று. செயல் ஒன்றே, உடலும் ஒன்றே. தாலி வந்து விழுந்ததும் குற்றம் தாம்பத்தியமாகி விடுகிறது. இளவயது மணத்தைக் குற்றத்தை மறைக்கும் போர்வையாக நமது சமுதாயம் பயன்படுத்துகிறது என்பதற்கு இதனைவிட வெளிப்படையான வாக்குமூலம் வேண்டுமா?

இனி, பச்சாத்தாபம் என்ற சொல்லுக்கு வருவோம். வருந்துகின்றவர் குரலை நாம் கேட்டிருக்கின்றோமா? இளவயது மணத்தைப் பற்றி உலகறிந்த பச்சாத்தாபக் குறிப்பு காந்தியடிகளுடையது. 13 வயதில் மணம் முடிக்கப்பட்ட அவர், தமது சுயசரிதையில் அதனை வெட்கத்தோடு எழுதுகின்றார். அத்தகைய மணத்துக்கு நீதி நியாயம் எதையும் தம்மாற் காண முடியவில்லை என்கின்றார். 1885 இல் தந்தையின் உயிர் பிரிந்த வேளையில் தாம் மனைவியின் அறையில் இருந்தமையை ஆயுள் முழுவதும் அழியாத களங்கமாகக் கொள்கின்றார். அந்த நேர்மையை நாம் மதிக்கின்றோம். ஆனால் அதே மணப்பந்தலில் அதே பிராயத்தில் இருந்த கஸ்தூரிபாயின் நிலை என்ன? எழுத்தறியாதவராக மணவாழ்விற் புகுந்த அவர், தாய்மையும் குடும்பப் பாரமும் போராட்டமும் சிறையுமாக வாழ்ந்து, 1944 இற் காவலிலேயே உயிர் நீத்தார். அவருடைய தரப்பிலிருந்து அத்தகைய சுயசரிதை எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. ஆணின் பச்சாத்தாபம் நூலாயிற்று. பெண்ணின் பச்சாத்தாபம் அடுப்படியிற் புகையோடு போயிற்று. பேனாவைப் பறித்துவிட்டு, "அவள் ஒன்றும் சொல்லவில்லையே" என்று சாதிப்பது நீதியாகுமா?

பேனா கிடைத்த ஒருத்தி என்ன செய்தாள் என்பதையும் வரலாறு கூறுகின்றது. பம்பாயில் 11 வயதில் மணம் முடிக்கப்பட்ட ருக்மாபாய், வயது வந்த பின் அக்கணவனோடு வாழ மறுத்தார். 1884 இல் அவன் வழக்குத் தொடுத்தான். 1887 இல், கணவனிடம் செல்க அல்லது ஆறு மாதச் சிறைக்குச் செல்க என நீதிமன்றம் பணித்தபோது, சிறையே மேல் என்றார் ருக்மாபாய். தேசபக்தரெனப் போற்றப்பட்ட திலகர் முதலியோர் அவருக்கு எதிரணியில் நின்றனர். 1888 இற் பணங் கொடுத்து அவ்வழக்கு முடித்து வைக்கப்பட்டது. ருக்மாபாய் இலண்டன் சென்று மருத்துவம் கற்று, திரும்பி வந்து சூரத்திலும் ராஜ்கோட்டிலும் பல்லாண்டுகள் பெண்களுக்கு வைத்தியம் செய்தார். அவர் மனம் ஏனையோர் மனத்தினும் வலியதாக இருந்திருக்கலாம். ஆயினும் அவரைக் காத்தவை அவர் கற்ற கல்வியும், அவரை ஆதரித்த குடும்பமும், துணை நின்ற நண்பர்களும். இம்மூன்றும் இல்லாத பெண்ணுக்குத் துணிவை மாத்திரம் போதிப்பவர், நீந்தத் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளிவிட்டுக் கரையில் நின்று தைரியம் சொல்பவர்.

நமது மண்ணில் இளவயது மணங்கள் நிகழ்ந்த விதத்தையும் பார்ப்போம். போரின் இறுதியாண்டுகளில், 2006 முதல் 2009 வரை, வன்னியில் விடுதலைப் புலிகளின் கட்டாய ஆட்சேர்ப்புக்கு அஞ்சிய பெற்றோர் பலர், மணமானவர்களை விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில், பதினாறும் பதினேழும் நிரம்பாத பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகத் தாலி கட்டுவித்தனர். ஒரு பக்கம் பிள்ளைபிடி, மறுபக்கம் எறிகணை. இடையிலே தாலி ஒரு கேடயம். அந்தப் பெற்றோரைக் குறை கூற நமக்கு நாவெழாது. ஆனால் போர் முடிந்தபின் அப்பிள்ளைகளின் கணக்கை எடுத்தவர் யாவர்? பதிவில்லாத மணங்கள், காணாமற்போன கணவர், கைக்குழந்தை, முகாம். தான் விதவையா சுமங்கலியா என்று சொல்லத் தெரியாத இருபது வயதுப் பெண்ணிடம், "ஏன் அவசரப்பட்டாய்?" என்று கேட்பவன் மனிதனா?

போர் முடிந்த பின்னர் நிகழ்பவை வேறு வகையின. தாய் வளைகுடா நாடொன்றில் வீட்டுப் பணிப்பெண், தந்தை கூலிவேலைக்கோ குடிக்கோ போய்விட்டவர், பிள்ளை பேத்தியாரோடு. அல்லது தோட்டத்து லயன் அறையொன்றில் ஆறேழு பேரோடு வளர்பவள். அல்லது கடன் முறியும் தறுவாயிலிருக்கும் கடற்றொழிலாளியின் மகள். பாடத்தில் ஆர்வமூட்ட ஆசிரியரில்லை. பரீட்சையிற் சித்தியடைந்தாலும் தொழிலில்லை. இந்த வெறுமையில், "நான் உன்னைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று பத்தொன்பது வயதுப் பையனொருவன் சொல்லும் ஒரு வார்த்தை அவளுக்கு உலகத்தையே தருவதாகத் தோன்றுகிறது. அந்த அன்பை நாம் கேலி செய்ய மாட்டோம். பலவேளைகளில் அவள் வாழ்விற் கண்ட முதல் அன்பே அதுவாக இருத்தல் கூடும். தனக்கென வேறொரு எதிர்காலத்தைக் கனவு காணவும் வகையற்றவள் அதைப் பற்றிக்கொண்டாள் என்றால், அது தெரிவா, நிர்ப்பந்தமா?

அவள் வீட்டை விட்டு வெளியேறி மூன்றாம் நாளே ஊர் கூடிவிடுகிறது. இனசனம், கோயிற் சபை, பெரியவர்கள் அனைவரும் ஒருமித்து வழங்கும் தீர்ப்பு ஒன்றே: "கட்டி வைத்துவிடுவோம், மானம் போகாது." யாருடைய மானம்? பதினைந்து வயதுப் பிள்ளையின் அடுத்த ஐம்பது ஆண்டுகளை, குடும்பத்தின் மூன்று நாள் வெட்கத்துக்கு ஈடாகக் கொடுத்துவிடும் இந்தப் பண்டமாற்றைத்தான் நாம் கலாசாரம் என்று காப்பாற்றுகின்றோம். அவளை அழைத்து வந்து, ஏசாமல், அடிக்காமல், மறுவாரமே பாடசாலைக்கு அனுப்பலாம் என்று அக்கூட்டத்தில் ஒருவருக்கேனும் தோன்றுவதில்லை. திருமணம் ஆயிரங்காலத்துப் பயிர் என்பார் நம் பெரியோர். ஆயிரங்காலத்துப் பயிரை மூன்று நாளில், உழாத நிலத்தில் நடுகின்ற கமக்காரனை எவரும் கண்டதுண்டா?

அந்தக் கலியாணம் அவளுக்குத் தருவதுதான் என்ன? 18 வயது நிறையாதவரின் விவாகத்தைப் பதிய முடியாது. பெற்றோர் சம்மதித்தாலும் முடியாது. ஆகவே அது கோயிற் தாலியோடு நிற்கிறது. குழந்தை பிறந்ததும், பெற்றோரின் மணம் பதிவில் இல்லாமையால், தந்தையின் பெயரைப் பிறப்புப் பதிவிற் சேர்ப்பதற்கு அவனும் உடன் வந்து கேட்டாக வேண்டும். அவன் வராவிட்டால் அந்த இடம் வெறுமையாகும். 1999 ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம் குழந்தைக்கு, பதிவு இருப்பினும் இல்லாவிடினும், தந்தையிடம் செலவு கோரும் உரிமையை அளித்தது. தாயோ தான் மனைவி என்பதை நிரூபிக்க அலைய வேண்டியவள். பின்னர் பதிவு செய்துகொண்டவள் பிரிய விரும்பினால், 1907 ஆம் ஆண்டுச் சட்டம் விவாகரத்துக்குக் கூறிய காரணங்கள் மூன்றே: பிறரோடு உறவு, வஞ்சகமாகக் கைவிட்டுச் செல்லுதல், தீராத ஆண்மையின்மை. "எனக்கு அப்போது வயது போதாது, இப்போது இந்த வாழ்வு ஒத்துவரவில்லை" என்பது சட்டத்தின் காதிற் காரணமாக விழுவதில்லை. வடமாகாணத்துத் தமிழ்ப் பெண்ணுக்கோ இன்னொரு விலங்கு. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, தன் பெயரிலுள்ள சீதனக் காணியையும் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி அவள் விற்க முடியாது. அவன் மறுத்தால் மாவட்ட நீதிமன்றப் படியேற வேண்டும். கட்டும்போது வயது போதும் என்றவர்கள், தன் காணியை விற்கும்போது நாற்பது வயதிலும் அவளை மைனராகவே நடத்துகின்றனர்.

ஆகவே அவளது பச்சாத்தாபம் வெறும் மனத்துயரன்று. அது பெறாமற்போன சான்றிதழ், எழுதப்படாத பதிவு, முற்ற வளராத உடல் சுமந்த பிள்ளைப்பேறு, கையெழுத்துக்காகக் காத்துக் கிடக்கும் காணி. அந்தப் பையனையும் நாம் மறக்கலாகாது. பத்தொன்பது வயதிற் குடும்பபாரம் ஏற்று, கற்க வேண்டிய தொழிலைக் கைவிட்டு, நாட்கூலியாகத் தேய்ந்து, தன் ஆற்றாமையை மனைவியின்மேற் காட்டுபவனாக மாறிவிடும் இளைஞனும் இந்த அமைப்பின் பலியே. அவனுடைய கை ஓங்குவதை இது நியாயப்படுத்தாது. அக்கை எங்கிருந்து ஓங்கக் கற்றது என்பதை இது விளக்கும்.

இவ்விடத்தில் நேர்மையான ஓர் ஆட்சேபத்துக்குப் பதில் கூறுதல் கடமை. இளவயதில் மணந்து இன்பமாக வாழ்ந்தோர் இல்லையா? உளர். குடை பிடிக்காமல் மழையிற் சென்று காய்ச்சல் வராதவர்களும் உளர். அதனால் எவரும் குடையை எரித்துவிடுவதில்லை. அப்படியாயின் சட்டத்தைக் கடுமையாக்கி இளைஞரைச் சிறையிலிட்டால் தீருமா? தீராது. ஒத்த வயதினனான பையனைச் சிறைக்கும் அவளைக் காப்பகத்துக்கும் அனுப்பிவிட்டு வழக்கை ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கும் நடைமுறை, இருவரையும் இரண்டாம் முறை தண்டிப்பதாகும். சிறுமியை ஏமாற்றிச் சீரழிக்கும் வயதுவந்தவனுக்குச் சிறை வேண்டும். ஒருவரையொருவர் பற்றிக்கொண்ட இரு பிள்ளைகளுக்கு வேண்டியது வழி.

அரசுக்கு இவை தெரியாதவையல்ல. சாவித்திரி குணசேகரவும் ஹரிணி அமரசூரியவும் இலங்கையில் இளவயது மணம் பற்றி மேற்கொண்ட ஆய்வை யுனிசெவ் 2013 இல் வெளியிட்டது. அவ்விருவரில் ஒருவர் 2024 இல் நாட்டின் பிரதமரானார். கல்வி அமைச்சும் அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. அறியவில்லை என்ற சாக்கை இனி எந்த அமைச்சும் சொல்வதற்கில்லை.

எழுத்தாளரும் இதில் தப்ப முடியாது. நமது சினிமாக் கதாநாயகி எத்தனை முறை பாடசாலைச் சீருடையில் அறிமுகமாகின்றாள்! அவளைத் தெருவெல்லாம் துரத்துபவன் கதாநாயகன், தடுப்பவர்கள் வில்லர்கள், தாலி ஏறியதும் திரை விழுகிறது. நமது சஞ்சிகைக் கதைகளும் தொடர்கதைகளும் அதற்குச் சற்றும் சளைத்தவையல்ல. திரை விழுந்த பின்னர்தான் வாழ்க்கை தொடங்குகிறது. மறுநாட் காலையில் அரிசிக்கு என்ன செய்தார்கள் என்பதை எழுதாத எழுத்து, காதலைப் போற்றும் எழுத்தன்று. காதலைக் கொல்லும் எழுத்து. யதார்த்தம் பற்றி மேடைதோறும் முழங்கும் நாம், தாலிக்குப் பிந்திய பத்தாண்டுகளைக் கதையாக்கும் துணிவைப் பெற வேண்டும்.

இறுதியாக, இவ்விதழின் வாசகருட் பெரும்பாலாரான ஆசிரியத் தோழர்களிடமும் மாணவரிடமும் வெளிப்படையாகச் சில கூற விரும்புகின்றோம். கட்டாயக் கல்வி விதிகள் 1998 முதல் 14 வயது வரையிலும், 2016 முதல் 16 வயது வரையிலும் பிள்ளை பாடசாலையில் இருத்தல் வேண்டும் என்றன. "மணமானவள் நீங்கலாக" என்று அவ்விதிகள் கூறவில்லை. ஆயினும் பிள்ளையொருத்தி இரண்டு வாரம் வரவில்லை, ஊரிற் கதை அடிபடுகிறது என்றதும் இடாப்பில் அவள் பெயர்மீது சிவப்புக் கோடு விழுந்துவிடுகிறது. "மற்றப் பிள்ளைகளும் கெட்டுவிடும்" என்பது அதற்குக் கூறப்படும் நியாயம். கெடுவது பாடசாலையின் நற்பெயராம்! மானத்துக்காகக் கலியாணம் கட்டி வைக்கும் ஊர்ப் பெரியவருக்கும் நற்பெயருக்காகக் கோடு போடும் அதிபருக்கும் என்ன வேறுபாடு?

அந்தக் கோட்டைப் போட மறுப்பதே ஆசிரியரின் முதற் கடமை. அவள் வீட்டுக்குச் செல்லுங்கள். தீர்ப்புச் சொல்லவன்று, திரும்ப அழைக்க. குழந்தை பெற்றவளாயினும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றலாம் என்பதை அவளுக்குச் சொல்லுங்கள். விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். மாலையில் ஒரு மணிநேரம் கற்பியுங்கள். உடலைப் பற்றியும் உறவைப் பற்றியும் கூறும் பாடப் பக்கங்களை வெட்கத்தால் ஒட்டிவைத்துத் தாண்டிச் செல்லாதீர்கள். நீங்கள் தாண்டிய பக்கத்தைத்தான் வாழ்க்கை அவளுக்கு விலை வாங்கிக்கொண்டு கற்பிக்கிறது. மாணவ நண்பர்களே, விடுப்பில் ஊருக்குச் செல்லும்போது, உங்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்து இடையில் நின்றுபோனவளின் வாசலைக் கண்டும் காணாததுபோற் கடந்து போகாதீர்கள். தொழிற்சங்கங்கள் சம்பள உயர்வுக்காக எழுப்பும் குரலோடு, இடைவிலகிய பிள்ளையை மீளச் சேர்க்கும் உரிமைக்காகவும், எச்சமயத்தவராயினும் 18 வயதுக்குக் குறைந்த மணமில்லை என்னும் ஒரே சட்டத்துக்காகவும் குரல் எழுப்ப வேண்டும். தாலியைப் போர்வையாக்கும் தண்டனைச் சட்ட விதிவிலக்கு ஒழிய வேண்டும். சீதனக் காணியில் அவளது கையெழுத்து ஒன்றே போதும் என்றாக வேண்டும்.

நடந்து முடிந்த மணத்தை எவராலும் மீட்டெடுக்க முடியாது. பதினாறாம் வயது எவருக்கும் இருமுறை வருவதில்லை. ஆயின் பதினாறு வயதில் மூடிய புத்தகத்தை இருபத்தாறு வயதில் திறக்க முடியும். திறக்கும் உரிமை அவளுக்குண்டு. திறப்பதற்கு வேண்டிய வெளிச்சத்தைத் தரவேண்டிய கடன் நமக்குண்டு. வருந்துகிறவளுக்கு உபதேசம் செய்வதை நிறுத்திவிட்டு, அந்தக் கடனை அடைக்கத் தொடங்குவோம்.